சுருக்கத்துக்கு ஒரு இருநூறு

அருள்புரத்தில் அமானுல்லா கொட்டகை போட்ட இரண்டு வருடத்தில், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலைக்கென்று பதினோரு தடவை வண்டி வந்திருந்தது. அதில் ஆறு தடவை வந்தது ஒரே வண்டி. மற்றபடி அந்தப் பல்லடம் ரோட்டில் ஓடியதெல்லாம் கிளட்ச் வைத்த டெம்போக்களும் துணி ரோல் ஏற்றின டிவிஎஸ் ஐம்பதுகளும்தான். ஒரு டிவிஎஸ் ஐம்பதில் ஏறுகிற துணியைப் பிரித்து விரித்தால் பல்லடத்திலிருந்து பழனி வரைக்கும் பந்தல் போடலாம். ஆனால் அந்த வண்டியால் கியர்பாக்ஸ்காரருக்குக் காலணா பிரயோசனம் கிடையாது.

ஷார்ஜாவில் கதை வேறு. அங்கே பதினெட்டு வருடம் அவர் கழற்றி மாட்டின கியர்பாக்ஸ்களை வரிசையாகப் போட்டால், அவற்றின் மேல் கால் வைத்து அரபிக்கடலை நடந்தே தாண்டி ஊர் வந்திருக்கலாம். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, உள்ளே எந்தத் தகடு தேய்ந்திருக்கிறது, எண்ணெய் மாற்றி எத்தனை மாதம் ஆயிற்று, ஓட்டுகிறவருக்கு வீட்டில் என்ன சண்டை என்பது வரைக்கும் சொல்லிவிடுவார் என்று பேர் எடுத்தவர். எண்பத்தாறில் கிளம்பும்போது மனைவி சபுரா பீவியிடம் ரெண்டே வருசம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு லீவு முடிந்து கிளம்பும்போதும் அதையே சொன்னார். இப்படியாக ஒன்பது தடவை ரெண்டே வருசம்.

இப்போது, இரண்டாயிரத்து ஆறு ஜனவரியில், அந்தப் பழைய ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்திருந்தது. விசா தயார், முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதில் வராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அமானுல்லாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இந்தத் தடவை போனால், திரும்பி வருகிறபோது வண்டிக்கு அடியில் படுக்க முதுகு மிச்சம் இருக்காது என்று அவருக்கே தெரியும். சபுரா பீவி ஃபேக்ஸை இரண்டு தடவை படித்தார். பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தார். அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பரவாயில்லை என்று அமானுல்லாவுக்கு இருந்தது.

இருப்பதா போவதா என்பது கடைசியில் ஒரு காரின் தலையில் வந்து விடிந்தது.

கார் பொங்கியண்ணனுடையது. வேலம்பாளையத்தில் குழந்தைகளுக்கான பனியன் உடுப்பு தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிற கம்பெனி முதலாளி. கோயமுத்தூரில் ஒரு மில்காரர் வீட்டுக் கொட்டத்தில் முப்பது வருடம் தூங்கிக் கிடந்த அமெரிக்கக் காரை வாங்கி வந்திருந்தார். எட்டு சிலிண்டர். நீளம் என்றால் அப்படி ஒரு நீளம். முன்சக்கரம் நொய்யல் பாலத்தைத் தாண்டின பிறகும் பின்சக்கரம் தென்னம்பாளையம் சந்தையில் தக்காளி விலை கேட்டுக்கொண்டிருக்கும். பெட்ரோல் பங்குக்காரர்கள் அதைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடுவார்கள்.

அது போதாதென்று, ரேஸ் எஞ்சின் கட்டுகிற ஒருவரிடம் கொடுத்து உள்ளே ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்டுவிட்டார் பொங்கியண்ணன். எஞ்சினுக்கு யானை பலம் வந்தது. ஆனால் வேகமாகச் சுற்றும்போது மட்டும். மெதுவாகச் சுற்றச் சொன்னால் இருமியது. கியரில் போட்டு பிரேக்கை மிதித்து நின்றால் அணைந்தே போனது. புஷ்பா தியேட்டர் சிக்னலில் ஒருநாள் பதினேழு தடவை அணைந்தது. பதினெட்டாவது தடவை போக்குவரத்துப் போலீஸ்காரரே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து தள்ளினார்.

அமானுல்லா பார்த்ததும் சொல்லிவிட்டார். எஞ்சினிலும் குற்றமில்லை, கியர்பாக்ஸிலும் குற்றமில்லை. நடுவில் இருக்கிற டார்க் கன்வெர்டர் இந்த எஞ்சினுக்குப் பொருந்தவில்லை.

கிளட்ச் இல்லாத வண்டியில் கிளட்சின் வேலையைச் செய்வது அதுதான். பரங்கிக்காய் மாதிரி ஓர் இரும்பு உருண்டை, உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் எதிரெதிராக இரண்டு விசிறி. எஞ்சின் ஒரு விசிறியைச் சுற்றும், அது தள்ளுகிற எண்ணெய் மற்ற விசிறியைச் சுற்றும், வண்டி நகரும். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றினால் எண்ணெய் இறுக்கிப் பிடிக்கும் என்பதற்கு ஓர் எண் உண்டு. ஸ்டால் என்பார்கள். எண் குறைவாக இருந்தால் சீக்கிரமே பிடிக்கும். வீட்டு வண்டிக்கு அது சுகம், ரேஸ் எஞ்சினுக்கோ கழுத்தை நெரித்த மாதிரி. எண் கூடுதலாக இருந்தால் எஞ்சின் தாராளமாகச் சுற்றி, பலமெல்லாம் திரண்ட பிறகு பிடிக்கும், வண்டி பாயும். ஆனால் ஊர்ந்து போகிற நேரமெல்லாம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்கினால் சூடு. அந்தச் சூடு கியர்பாக்ஸைத் தின்றுவிடும்.

ஆக, எண்ணைத் தேர்ந்தெடுப்பதென்றால் வண்டியின் எடையையும் எஞ்சினையும் தெரிந்துகொண்டால் போதாது. அந்த வண்டி வாரத்தில் எத்தனை நேரம் பறக்கிறது, எத்தனை நேரம் டெம்போவின் வாலைப் பிடித்து ஊர்கிறது என்றும் தெரிய வேண்டும். இந்தக் கேள்விக்கு மட்டும் எந்தக் கார்க்காரரும் உள்ளதை உள்ளபடி சொன்னதாக ஷார்ஜா சரித்திரத்திலேயே கிடையாது. பொங்கியண்ணனிடம் கேட்டதற்கு, பாதி நேரம் ரேஸ், பாதி நேரம் ரோடு என்றார். ரேஸ் ட்ராக் எந்தத் திசையில் இருக்கிறதென்றே அன்றைக்கு அவருக்குத் தெரியாது.

அமானுல்லா மூன்று நாள் யோசித்தார். டன் கணக்கில் துணி நிறுக்கிற தராசில் வண்டியை ஏற்றி எடை பார்த்தார். மனதுக்குள் வந்து நின்ற எண் இரண்டாயிரத்து நானூறு.

வாயில் வந்தது இரண்டாயிரத்து அறுநூறு.

காரணம் இருந்தது. இந்த ஊரில் எதைச் சொன்னாலும் ஒரு படி குறைத்துத்தான் கேட்பார்கள். பொங்கியண்ணன் இருநூறு குறைப்பார், குறைத்தால் சரியான இடத்தில் வந்து நிற்கும் என்று மனசில் போட்ட கணக்கு. பொங்கியண்ணன் குறைக்கவில்லை. சரிங்க பாய் என்று சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டார். கடல் தாண்டி அமெரிக்காவில், கன்வெர்டர் மட்டுமே செய்கிற ஒரு சின்னப் பட்டறைக்கு ஆர்டர் போயிற்று. இருநூறு கூடினால் குடி முழுகிவிடாது, ஒரு சின்ன ஆயில் கூலர் வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று அமானுல்லா தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

அந்த வண்டியை நம்பி அவருக்கு வேறொரு காரியமும் இருந்தது. ஜனவரி இருபத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை, செட்டிபாளையம் பக்கத்து ட்ராக்கில் கார்ப் பைத்தியங்கள் கூடுகிறார்கள். கால் மைல் ஓட்டம். புதிதாக ஆட்டோமேட்டிக் கார் வாங்கியிருக்கிற நான்கு கம்பெனிக்காரர்களைப் பொங்கியண்ணன் அங்கே கூட்டிவருகிறார். இந்த வண்டி நன்றாக ஓடினால் அந்த நான்கும் அருள்புரம் கொட்டகைக்கு, அதுவும் வருசம் முழுக்க. நான்கு வண்டி நிலையாக வந்தால் கொட்டகை நிற்கும். கொட்டகை நின்றால் ஃபேக்ஸை அடுப்பில் போட்டுவிடலாம்.

புதன்கிழமை பெட்டி வந்தது. பிரித்தார். உருண்டையின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் மூவாயிரம் என்று இருந்தது.

அமானுல்லா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் மூவாயிரம்தான். சட்டையைக் கூட மாற்றாமல் பஸ் பிடித்து வேலம்பாளையம் போனார். ஆர்டர் அனுப்பினது ஆபீஸில் மெர்ச்சண்டைசராக இருக்கிற ஜெபக்குமார். தெற்கே நாசரேத்திலிருந்து வந்து பத்து வருடமாக, சரக்கு வாங்குகிற வெள்ளைக்கார பையர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“அண்ணாச்சி, நான் இருநூறுதாங் கூட்டுனேன். மொதலாளி எழுதித் தந்ததே ரெண்டாயிரத்து எண்ணூறுல்லா. சரக்கு கப்பல்லயும் பிளேன்லயும் வருது, வார வழியில கூடக்கொறைய ஆவும். எந்த நம்பரையும் நான் மொட்டையா அனுப்புனது கெடயாது.”

பொங்கியண்ணன் அதைவிடத் தெளிவாக இருந்தார். பனியன் துணி துவைத்தால் சுருங்கும். அதனால் கேட்ட அளவுக்கு மேலே ஒரு பங்கு சேர்த்து வெட்டுவார்கள். அதுதான் இந்த ஊரின் வேதம். முப்பது வருடமாக அவர் கை எந்த எண்ணையும் எழுதும்போது தானாகக் கொஞ்சம் ஏற்றி எழுதிவிடும். மகள் கல்யாணத்துக்கு ஐநூறு பேர் என்றால் இலைக்கட்டு எழுநூறுக்கு; டாக்டர் ஒரு மாத்திரை என்றால் இவர் ஒன்றரை. அதே கைதான் இதையும் எழுதியது.

“சுருக்கத்துக்கு ஒரு இருநூறு சேத்துனனுங் பாய். கொறஞ்சா என்ன பண்றது? கூட இருந்தா நல்லதுதானுங்களே.”

அமானுல்லாவுக்குக் கோபம் வந்தது, ஆனால் கத்த முடியவில்லை. முதல் இருநூறு அவருடையது. அதை மட்டும் அவர் அங்கே சொல்லவில்லை.

இன்னொன்றும் அவருக்குத் தெரியும். துணிதான் சுருங்கும். கன்வெர்டர் விரியும். பலமான எஞ்சினுக்குப் பின்னால் வைத்தால் சீட்டில் போட்ட எண்ணுக்கு மேலே போகும். மாட்டி, பிரேக்கை மிதித்து முடுக்கிப் பார்த்தார். முள் மூவாயிரத்து நானூறில் போய் நின்றது. திருப்பி அனுப்பினால் அந்த அமெரிக்கப் பட்டறையில் விசிறியின் இறக்கைகளை மாற்றித் தருவார்கள். ஆனால் போய்வர ஒரு மாதம். ஞாயிறுக்கு நான்கு நாள்.

வியாழக்கிழமை குடியரசு தினம். பல்லடம் தாண்டி வெறிச்சோடிக் கிடந்த ரோட்டில் ஒரு மிதி மிதித்தார். எஞ்சின் கத்தியது, ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை, அப்புறம் வண்டி கிளம்பிற்று பாருங்கள், ரோட்டோரப் புளியமரங்கள் எல்லாம் உடுமலைக்கு ஓடிப்போவது போல இருந்தது. அமானுல்லாவின் உயிர் ஒரு பர்லாங்கு பின்னால் வந்து சேர்ந்தது. சிரிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை இந்த வண்டியை ஜெயிக்க ஒருத்தன் பிறந்துதான் வர வேண்டும். நான்கு கம்பெனிக்காரர்களும் வாயைப் பிளந்து நிற்பார்கள். அப்புறம் இது வேலம்பாளையத்துக்கும் காதர்பேட்டைக்கும் நடுவே ஊரத் தொடங்கும். இரண்டு மாதத்தில் எண்ணெய் கருகும், தகடு கருகும். அப்போது நான்கு வண்டிகளும் கையில் இருக்கும். அப்போதைக்கு அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் சாயங்காலம் டீ குடிக்கும்போது சபுரா பீவியிடம் சொன்னார். மறைத்து வைக்கத்தான் நினைத்தார். ஆனால் அவரிடம் மறைக்க முடியாது. அமானுல்லா ஷார்ஜாவில் இருந்த காலமெல்லாம் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்த்த கண்கள் அவை. ஐம்பது மீட்டர் ரோலில் ஒரு ஊசி விட்டுப்போன தையலைத் தூங்கிக்கொண்டே பிடிப்பார்.

எல்லாம் கேட்டுவிட்டு, எதை வைத்து எண் சொன்னீர்கள் என்றார். அனுபவம் என்றார் அமானுல்லா. வண்டியை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தீர்களா என்றார். இல்லை. எங்கள் கம்பெனியில் அரை மீட்டர் துண்டு வெட்டி, கோடு போட்டு, துவைத்து, காயப்போட்டு, அளந்த பிறகுதான் எவ்வளவு சுருங்கும் என்று சொல்லுவோம், வாயால் சொன்னால் மாஸ்டர் சீட்டைக் கிழித்துப் போடுவார் என்றார். அப்புறம் டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“ஞாயித்துக்கிழமை சரிங்க. திங்கக்கிழமை?”

அமானுல்லா மறுநாள் வண்டியில் எண்ணெய்ச் சூட்டைக் காட்டுகிற ஒரு மானியை டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிட்டார். ஏன் வைத்தோம் என்று அவருக்கே சரியாகத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இன்றைக்கும் செட்டிபாளையத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் சொல்வார்கள். பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரர் ஒருவரின் ஜெர்மன் கார் பக்கத்தில் நின்றது. கொடி அசைந்தது. தோப்புக்காரர் தன் வண்டி கிளம்பிவிட்டதா என்று கண்ணாடியில் பார்ப்பதற்குள் பொங்கியண்ணன் அந்தக் கடைசியில் இறங்கி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். மாலை போட்டார்கள். மாலைக்கு மேல் ஒரு பூத்துவாலையும் போட்டார்கள்.

நான்கு கம்பெனிக்காரர்களும் அமானுல்லாவைச் சூழ்ந்துகொண்டார்கள். முதலாமவர், எனக்கும் இதே நம்பர் என்றார். இரண்டாமவர், எனக்கு இன்னொரு இருநூறு சேத்துங்க என்றார். மூன்றாமவர், நாலாயிரமாகவே போட்டுவிடுங்கள் என்றார். அவர் வண்டி, மனைவியைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வாங்கினது.

அமானுல்லா கேட்டுக்கொண்டே நின்றார். ரெண்டே வருசம் என்று ஒன்பது தடவை சொன்னது, ஏனோ அப்போது ஞாபகம் வந்தது. அதுவும் ஓர் ஆளின் காதுக்கு வேண்டின மாதிரி மாற்றிச் சொன்ன எண்தான். அங்கே குறைத்துச் சொன்னார், இங்கே கூட்டிச் சொன்னார். ஒவ்வொன்றையும் நம்பி ஒருத்தர் எதையோ வெட்டித் தைத்துவிட்டார்.

“இந்த வண்டியில இருக்கறது தப்பான நம்பருங்க,” என்றார். “மொத இருநூறைச் சேத்துனது நானுங்க. யாருக்கும் இதைப் போட மாட்டேன்.”

இது விலை ஏற்றுகிற தந்திரம் என்று ஒருவர் நினைத்தார். ஜெயித்த சாமானைத் தப்பென்கிற ஆளிடம் வண்டியை எப்படி விடுவது என்று இன்னொருவர் நினைத்தார். மூன்று பேர் மெதுவாக இளநீர்ப் பக்கம் நகர்ந்தார்கள். பொங்கியண்ணன் மாலையைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

நான்காமவர் காசிமாயன். உசிலம்பட்டிக்காரர், வேலம்பாளையத்தில் பிரிண்டிங் பட்டறை. அரைக் கிலோ தக்காளி வாங்கினால் ஒவ்வொன்றையும் வெயிலில் பிடித்து ஊடுருவிப் பார்க்கிறவர். அவர் கேட்காமலே பின்கதவைத் திறந்து மாலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “நீங்க வேலம்பாளையந்தானண்ணே போறீக? நானும் வாரேன். என்ன தப்புன்னு பாத்துருவம்.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருப்பூருக்குள் கார் ஓட்ட நினைக்கிறவர் தேரோட்டத்துக்கு நடுவில் தேரை எதிர்த்திசையில் ஓட்ட நினைக்கிறவர். சனிக்கிழமை சம்பளம் வாங்கின ஊர் முழுக்க அன்றைக்கு ரோட்டில் இருக்கும். பொங்கியண்ணன் ஓட்டினார், அமானுல்லா பக்கத்தில். பல்லடத்தில் மானி தொண்ணூறு டிகிரி காட்டியது. அருள்புரத்தில் அமானுல்லாவின் கொட்டகையைத் தாண்டும்போது நூறு. தென்னம்பாளையத்தில் நூற்றுப் பத்து. மிதித்தால் எஞ்சின் ஊரையே கூப்பிட்டது. வண்டி நின்ற இடத்தில் நின்றது. ஒரு வறுகடலை வண்டி அவர்களை முந்திப் போயிற்று. நொய்யல் பாலத்தில், துணி ரோல் ஏற்றின டிவிஎஸ் ஐம்பது ஒன்று ஹாரன் அடித்து வழி கேட்டது. முள் நூற்றிருபத்தைந்து. வெல்லப்பாகு கருகுகிற வாசனை.

காசிமாயன் பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சினார். “எதோ அடிப்பிடிக்குதுல்ல?”

ரயில்வே மேம்பாலம் ஏறுவதற்கு முன்னால் ஓரமாக நிறுத்தச் சொன்னார் அமானுல்லா. பொங்கியண்ணன் நிறுத்தினார். எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி நெடுநேரம் முள்ளையே பார்த்தார். கோபமாகப் பேசுவார் என்று அமானுல்லா காத்திருந்தார். அவர் கேட்டது வேறு.

“நெசமான நம்பர் எத்தனைங் பாய்?”

“ரெண்டாயிரத்து நானூறுங்க. இப்ப அதுவே கொஞ்சம் கூடன்னு தோணுது.”

“அதுல ஏதாச்சும் சேத்தி இருக்குதுங்களா?”

“இல்லீங்க.”

பொங்கியண்ணன் தலையை ஆட்டினார். வெளியே ஜனம் நகர்ந்துகொண்டே இருந்தது. “முப்பது வருசத்துல பையர்கிட்ட நான் மொட்டையாச் சொன்ன நம்பர் ஒண்ணாச்சும் இருக்குதான்னு யோசிக்கறனுங்க. ஒண்ணும் சிக்கலீங்க.” அப்புறம், பாதி ரேஸ் என்று சொன்னதும் சும்மாதான் என்றார். வருடத்துக்கு ஒரு ஞாயிறு. மிச்சமெல்லாம் இந்தப் பாலம்தான்.

எண்ணெய் ஆறுகிற வரைக்கும் மூவரும் சுண்டல் வாங்கித் தின்றார்கள். கன்வெர்டரைத் திருப்பி அனுப்புவது, அதற்குள் பழையதை மாட்டி ஒரு வாரம் வண்டி எங்கே போகிறது, எத்தனை நேரம் நிற்கிறது, சூடு எத்தனை என்று நோட்டில் எழுதுவது, அந்த நோட்டை ஜெபக்குமார் ஒரு எழுத்துக்கூடக் கூட்டாமல் அனுப்புவது என்று முடிவாயிற்று. காசிமாயன் சுண்டல் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தன் வண்டியை வெள்ளிக்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னார். வேலைக்கு இல்லை, முதலில் அளந்து பார்க்க. மற்ற மூவரைப் பற்றி யாரும் பேசவில்லை.

அமானுல்லா வீட்டுக்கு வந்தபோது சபுரா பீவி தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னார். நான்கு வரவில்லை, ஒன்று வருகிறது, அதுவும் அளக்கத்தான் என்று சொன்னார். சபுரா பீவி அடுப்பைக் குறைத்துவிட்டுப் போய் ஃபேக்ஸை எடுத்துவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“நீங்க ரெண்டு வருசம்னு சொல்லும்போதெல்லாம் நான் அஞ்சுன்னு வெச்சுக்குவனுங்க. அந்த அஞ்சுக்கு மேலயும் சேத்தித்தான் பத்து வருசத்துக்கு அரிசி போடற டிரம்மு வாங்கிப் போட்டனுங்க. இப்பச் சொல்லுங்க. இங்க எத்தனை வருசம்? எனக்காகக் கூட்ட வேண்டாம்.”

சாகும்வரைக்கும் என்று சொல்ல வாய் வந்தது. அமானுல்லா அதை விழுங்கினார். காசிமாயன் வண்டியை நினைத்தார், பொங்கியண்ணனின் நோட்டை நினைத்தார், முதுகை நினைத்தார், சேர்ந்துகொண்டே போகிற கொட்டகை வாடகையை நினைத்தார். தோசை ஆறிப்போனது.

“ஒரு வருசம்,” என்றார். “அது நிச்சயம். அதுக்கு மேல ஓட்டிப் பாத்துத்தான் சொல்ல முடியும்.”

சபுரா பீவி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், ரோலில் விட்டுப்போன தையலைத் தேடுகிற மாதிரி. ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. ஃபேக்ஸை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த கிரைண்டரின் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்.

“சரிங்க. ஒண்ணுன்னா ஒண்ணுன்னே வெச்சுக்கறேன்,” என்று சொல்லிவிட்டு, அடுத்த தோசைக்கு மாவை எடுத்தார்.